தருமகர்த்தாவை நியமிக்கும் உரிமை

திருகோணமலைத் துறைமுகத்துக்கு அணித்தாயுள்ள சுவாமிமலையிலிருந்த கோணேசர் கோயிலைப் போர்த்துக்கீசர் 1624ஆம் ஆண்டில் இடித்தனர். அக்கோயிலின் பழைய ஒழுங்குகளைக் கூறுவது ‘கோணேசர் கல்வெட்டு’. பெயர்தான் கல்வெட்டு, அஃது ஏட்டிலெழுந்த நூல். குளக்கோட்டன் திருத்தொண்டுகளைத் தானத்தார், வரிப்பத்தார் முதலியோருக்கு வகுத்தளித்தான் என்று அந்நூல் உரைக்கின்றது. தொண்டு குடிவழி சென்றமையால், அடுத்தவரை நியமிப்பவர் யார் என்னும் வினாவுக்கு அங்கே இடம் குறைவு.

இன்று திருகோணமலையில் ஒருவர் தம் காணியைக் கோயிலுக்கு எழுதிவைப்பாராயின், அவ்வினாவுக்கு உறுதியிலேயே விடை கூறிவிடுதல் நன்று. தருமகர்த்தா இறந்தால், உறுதியில் அதற்கெனக் குறிக்கப்பட்டவர் புதியவரை நியமிக்கலாம். அத்தகையவர் இல்லையேல், தருமத்தை ஏற்படுத்தியவரோ எஞ்சிய தருமகர்த்தாக்களோ நியமிக்க 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டம் வழிவகுக்கின்றது. அதுவும் இயலாதபோது நீதிமன்றத்தை நாடவேண்டும்.

பலர் தடுமாறுவது வேறோரிடத்தில். நியமிக்கும் உரிமை சொத்துரிமை அன்று. அவ்வுரிமையைப் பெற்ற மூத்த மகன் தக்க ஆளைத் தெரிந்தெடுக்கலாம். காணியைத் தன்னதாக்கவோ, நியமனத்துக்குக் கைக்கூலி பெறவோ அவருக்கு உரிமையில்லை. முறைகேடு நேரின், அக்கோயிலில் வழிபட்டுவரும் ஐவர் கூடி மாவட்ட நீதிமன்றில் வழக்கிடலாம். ஆயினும், விசாரணை வேண்டி முதலில் அரசாங்க அதிபரிடம் அவர்கள் விண்ணப்பித்திருத்தல் வேண்டும்.