தலைக்கணக்கும் குரலுரிமையும்

(சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மனிதனை எண்ணுதல் வேறு, மதித்தல் வேறு என்பதே யாம் இன்று கூறப் புகுந்தது.

1787-இல் அமெரிக்கர் தம் அரசியலமைப்பை வகுத்தபோது, பிரதிநிதிகளையும் நேர்வரியையும் மக்கட்டொகைக்கேற்பப் பங்கிட்டனர். அடிமைகளையும் எண்ணுவதோ என்னும் வழக்கெழ, ஐவரை மூவராகக் கொள்க என முடித்தனர். அடிமைக்கு வாக்கில்லை, அவன் தலையாற் பெருகிய இடங்களோ ஆண்டைமார் கையிற் சேர்ந்தன. அந்நேர்வரியும் அரிதாகவே விதிக்கப்பட்டமையின், சுமை குறைந்து ஊதியமே மிஞ்சிற்று.

இஃது அயலார் பழி மட்டுமன்று. 1658-இல் நம் தூத்துக்குடியைக் கைக்கொண்ட ஒல்லாந்தர், 1673 முதல் 1677 வரை மதுரைக் கரையினின்று 1,839 அடிமைகளைக் கப்பலேற்றினர். வறட்சியும் போரும் அவர்களை விலைப்பொருளாக்கின. 1843-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைமுறைக்கு நீதிமன்றத் துணையை நீக்கிற்று. எனினும், 1935-ஆம் ஆண்டு அரசியற் சட்டத்திலும் வாக்குரிமை வரி, சொத்து, கல்வி முதலியவற்றைப் பற்றியே நின்றது. நிலத்தில் உழைத்தவன் பண்ணையாள். தீர்வை செலுத்தி வாக்குப் பெற்றவன் நிலக்கிழான். 1950-இன் அரசியலமைப்பே வரி வினவாது வயது வந்தோர் யாவர்க்கும் வாக்களித்தது.

அன்பர்காள்! நம் சங்கமும் தொகை கூறியே அரசினரிடம் பங்கு வேண்டுகின்றது. அத்தொகையில் உப்பளத்தில் உழைப்போரும், முத்துச் சலாபத்தில் மூழ்கியோர் வழியினரும் அடங்குவர். சந்தா செலுத்தாமையால் அவர்க்கு இவ்வவையில் வாக்கில்லையெனின், ஐந்துக்கு மூன்றென எழுதியோரினும் நாம் எவ்வாற்றான் உயர்ந்தோம்? எண்ணப்படுவோர் யாவரும் வாக்களிக்குமாறு நம் விதியைத் திருத்துவோமாக!