ஊசிக்கு முந்தைய எட்டு மணி நேரம்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் முதல் நாள் மாலை ஆற்றிய உரை)



நாளைக் காலை 7 மணிக்கு நம் கலையரங்கத்தில் இரத்தப் பரிசோதனை முகாம். இன்றிரவு விருந்து. பிரியாணிக்கும் ஊசிக்கும் நடுவில் என்ன குடிக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதை டாக்டர் அல்லவா பேச வேண்டும், என்ஜினீயருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஆய்வகங்களில் இரத்தத்தை அளக்கும் இயந்திரங்களைப் பராமரிப்பது என் தொழில். தினமும் காலையில் அளவு தெரிந்த திரவத்தைக் கொடுத்து இயந்திரத்தைச் சரிபார்க்கிறோம். குழாயில் எடுத்த இரத்தத்தைச் சும்மா வைத்தால் அதிலுள்ள அணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும் என்பதால், அதைத் தடுக்க சாம்பல் நிற மூடி போட்ட தனிக் குழாயில் மருந்து போட்டு வைக்கிறோம். எல்லாம் சரி. ஆனால் கையை நீட்டிக்கொண்டு எதிரில் உட்காரும் மனிதரைச் சரிபார்க்க எங்களிடம் கருவி கிடையாது. “ஒண்ணும் சாப்பிடலைங்க” என்றால் நம்ப வேண்டியதுதான்.

அந்த “ஒண்ணும் சாப்பிடலைங்க” என்பதற்குள் என்னென்னவோ இருக்கும். “சாப்பிடலை, ஒரு வாய் காபி மட்டும்தான்” என்பார்கள். இதற்கு ஒரு சின்னக் கணக்கு போடலாம். நம் உடம்பில் ஓடுவது சுமார் 5 லிட்டர் இரத்தம். வெறும் வயிற்றில் சர்க்கரை 100 மில்லிக்கு 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், மொத்த இரத்தத்திலும் இருப்பது வெறும் 5 கிராம். அதாவது ஒரு டீஸ்பூன்! நீங்கள் காபியில் போடுவது இரண்டு ஸ்பூன். பாலில் இருக்கும் சர்க்கரை வேறு. உள்ளே போனதெல்லாம் இரத்தத்திலேயே தங்குவதில்லை, உடம்பு அதை அப்புறப்படுத்திக்கொண்டே இருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் எவ்வளவு சின்னத் தராசில் எவ்வளவு பெரிய கல்லை வைக்கிறோம் என்று பாருங்கள்.

ஆகவே விதி எளிது. பச்சைத் தண்ணீரோ வெந்நீரோ தாராளமாகக் குடிக்கலாம். குடிக்கவும் வேண்டும். தண்ணீர் குறைந்தால் நரம்பு கிடைக்காமல் இரண்டு மூன்று இடத்தில் குத்த வேண்டி வரும். தண்ணீர் தவிர மற்றதெல்லாம் வேண்டாம். பால், மோர், இளநீர், எலுமிச்சைச் சாறு, கஞ்சி, தேன் கலந்த வெந்நீர், கஷாயம் எல்லாமே கணக்கில் சேரும். “சர்க்கரை போடாத கடுங்காப்பி?” என்று ஒரு தம்பி கேட்கிறார். அதுவும் வேண்டாம், காபியிலுள்ள காஃபின் சர்க்கரை அளவை அசைக்கக்கூடியது. சூயிங்கம், வெற்றிலைப் பாக்கு, சிகரெட்டும் கூடாது. விடிகாலையில் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடிவிட்டும் வராதீர்கள்.

சர்க்கரைக்குக் குறைந்தது 8 மணி நேரப் பட்டினி. கொழுப்புப் பரிசோதனைக்கு வழக்கமாக 9 முதல் 12 மணி நேரம். இரவு 9 மணிக்குள் சாப்பிட்டவர்கள் 7 மணிக்கு வரலாம். கதை பேசி 11 மணிக்குச் சாப்பிட்டவர்கள் 9 மணிக்கு வாருங்கள். விருந்துக்குப் பிறகு சில அறைகளில் நடக்கப்போகும் தனிக்கூட்டத்தில் கலந்துகொள்பவர்கள் கொழுப்புப் பரிசோதனையை வேறொரு நாளுக்குத் தள்ளிவைப்பதே நல்லது. மது டிரைகிளிசரைடை ஏற்றிவிடும். 24 மணி நேர இடைவெளியாவது வேண்டும்.

கொழுப்பில் இன்னொரு சூட்சுமம் உண்டு. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். அளவைப் பல ஆய்வகங்கள் நேரடியாக அளப்பதில்லை. 1972இல் வெளிவந்த ஃப்ரீட்வால்ட் சூத்திரப்படி, மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து நல்ல கொழுப்பையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துச் சொல்கிறார்கள். மொத்தம் 200, நல்லது 40, டிரைகிளிசரைடு 150 என்றால் எல்.டி.எல். 130. அதே ஆள் பிரியாணி செரிக்கும் முன் வந்து டிரைகிளிசரைடு 250 ஆகியிருந்தால் விடை 110! சாப்பிட்டதால் கெட்ட கொழுப்பு குறைந்துவிட்டதாகத் தாள் சொல்லும். 2016இல் ஐரோப்பிய நிபுணர் குழு, சாதாரணக் கொழுப்புப் பரிசோதனைக்குப் பட்டினி கட்டாயமில்லை என்றும், டிரைகிளிசரைடு மிக அதிகமாக வந்தால் பட்டினியோடு மறுபடி பார்க்கலாம் என்றும் சொன்னது. இருந்தாலும் ஆய்வகம் வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் அப்படியே போங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனைக்குப் பட்டினியே தேவையில்லை.

பட்டினி நல்லதென்று மதியம் வரை இருப்பதும் தவறு. அளவு மாறும், தலையும் சுற்றும். குறிப்பாக நம் மூத்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் வரிசையில் நிற்காதீர்கள். நாளைக் காலை அவற்றை எப்போது எடுப்பது என்று உங்கள் டாக்டரிடம் இன்றே போனில் கேட்டுவிடுங்கள். பொதுவாக இரத்தம் கொடுத்து, சாப்பாடு கையில் வந்த பிறகுதான். இரத்த அழுத்த மாத்திரையை வழக்கம்போல் தண்ணீரோடு போடலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். வரிசையில் யாருக்காவது வியர்த்து, கை நடுங்கினால் மரியாதை பார்க்காமல் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். பரிசோதனை இன்னொரு நாள் நடக்கும்.

இவ்வளவு கறாராக ஏன் பேசுகிறேன்? எங்கள் செட்டில் ஒரு நண்பர். அலுவலக முகாமில் அவருக்கு 148 வந்தது. “வரும்போது காபி குடிச்சேன், அதனாலதான்” என்று தாளை மேஜை அறைக்குள் போட்டுவிட்டார். காபி குடித்துவிட்டு வந்த 148ஐ வைத்து டாக்டராலும் எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு நாள் கழித்து முறையாகப் பட்டினியிருந்து பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். வெறும் வயிற்றில் 100க்குக் கீழ் இயல்பு, 126 அல்லது அதற்கு மேல் இரண்டு முறை வந்தால் நீரிழிவு. நண்பர் பார்க்கவில்லை. மூன்று வருடம் கழித்துக் கண் மங்கலாகத் தெரிகிறதென்று கண் டாக்டரிடம் போனபோதுதான், சர்க்கரை விழித்திரை வரை போயிருப்பது தெரிந்தது. அந்த ஒரு டம்ளர் காபி அவருக்குக் கொடுத்தது சர்க்கரையை அல்ல, ஒரு சாக்கை.

சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் நீரிழிவுள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர். அதன் வாசலில் நிற்பவர்கள் 13 கோடிக்கும் மேல். இந்த அரங்கத்திலும் சிலர் இருப்போம். தம்பி தங்கைகளே, ஊருக்குப் போனால் அப்பா அம்மாவைப் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறவர்கள் நீங்கள்தான். முதல் நாள் இரவே அடுப்படியில் சொல்லி வையுங்கள், “காலைல காபி கலக்காதீங்க, தண்ணி மட்டும்தான்” என்று. மறந்து குடித்துவிட்டால் அதை மறைக்காமல் ஊசி போடுகிறவரிடம் சொல்லிவிட்டு, இன்னொரு நாள் போங்கள்.

நாளை முகாம் முடிந்ததும் மெஸ்ஸில் பொங்கல், வடையோடு பில்டர் காபி தயாராக இருக்கும் என்று செயலாளர் அண்ணன் உறுதி கூறியிருக்கிறார்.