பட்டு நூல் வளையலும் கூலிக் கணக்கும்

சுங்குவார்சத்திரம் பக்கம் கைவினை அணிகலன் செய்து விற்கும் சகோதரிகளுக்கு இன்றைய தகவல்.

பட்டு நூல் வளையலை எடுத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் வளையலில் பசை தடவி, பல இழைகளை ஒன்றுசேர்த்து, இடைவெளி தெரியாமல் சுற்ற வேண்டும். இழை முறுக்கிக்கொண்டால் பளபளப்பு போய்விடும். பிறகு குந்தன் கல் ஒட்டிக் காயவிட வேண்டும். இத்தனை நேரத்துக்கும் கூலி யார் தருவது? பலர் நூல், கல், பசைச் செலவை மட்டும் கூட்டி விலை சொல்லிவிடுகிறார்கள். பத்து ஜோடி விற்கும்வரை குறை தெரியாது. நூறு ஜோடிக்கு ஆர்டர் வந்து, உதவிக்கு ஆள் வைக்கும்போதுதான் கையைக் கடிக்கும். முதல் ஜோடியிலிருந்தே உங்கள் கூலியையும் சேர்த்து விலை வையுங்கள் அம்மா.

வாங்குபவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் வேலை செய்யும் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் விடுதிகளில் தங்கியிருக்கிறார்கள். மின்னணு ஆலைகளின் உற்பத்திப் பகுதிக்குள் பொதுவாக நகை போட விடமாட்டார்கள். ஆகவே அவர்கள் வாங்குவது விடுமுறை நாளுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும்தான். தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்புமுன், சம்பளம் வந்த வாரத்தில் சரக்கு கையில் இருக்கட்டும்.

சுய உதவிக் குழுவினருக்கு, 1983இல் தொடங்கிய தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் சென்னை நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் விற்பனைக் கண்காட்சி நடத்துகிறது. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. ஆதார், பான் எண்களை வைத்து நீங்களே பதியலாம். யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.