கோட்டைக்குள் வந்த தண்ணீர்



பாலை நிலத்துக்கு உரிய ஒழுக்கம் பிரிவு என்று வகுத்தனர் நம் முன்னோர். எயினரும் மறவரும் அங்கு வாழ்ந்ததாகப் பாடினார்கள் என்றாலும், வழிப்போக்கர் அஞ்சி அஞ்சிக் கடந்து செல்லும் நிலமாகவே அதைக் கண்டார்கள். அந்தப் பாலையும் மணற்கடல் அன்று. முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் வளம் குன்றிய நிலையே அது. ஒரு மழை பெய்தால் மீண்டும் முல்லையாகிவிடும். இராஜஸ்தானத்தின் மேற்கு எல்லையில் விரிந்து கிடக்கும் தார்ப் பாலைவனமோ எப்பருவத்திலும் பாலைவனந்தான். அங்கே ஒரு குன்றின்மீது, மதில்களுக்கு உள்ளே, எண்ணூற்று அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் வீடு கட்டி, பிள்ளை பெற்று, பண்டிகை கொண்டாடி வாழ்ந்து வருகிறார்கள். ஜெய்சல்மேர் கோட்டையைச் சொல்கிறேன்.

1156ஆம் ஆண்டில் ராவல் ஜைசல் என்னும் பட்டி ராஜபுத்திர அரசர் திரிகூட மலை என்னும் குன்றின்மேல் இக்கோட்டைக்கு அடிகோலினார். குன்றின் உயரம் சுமார் 250 அடி. கோட்டையின் நீளம் சுமார் 1,500 அடி, அகலம் அதில் பாதி. மதிலைச் சுற்றி 99 கொத்தளங்கள். மஞ்சள் நிற மணற்கல்லால் கட்டியதால் மாலை வெயிலில் பொன்போல் தோன்றும். பாரதத்தில் கோட்டைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவற்றில் இன்று வௌவால்களும் காவற்காரர்களுமே உள்ளனர். இங்கோ மூவாயிரம், நாலாயிரம் பேர் குடியிருக்கிறார்கள். அரண்மனை, சமணக் கோயில்கள், லட்சுமிநாதர் கோயில், இவற்றுக்கு இடையே நெருக்கியடித்துக்கொண்டு வீடுகள். திருவரங்கத்தில் கோயில் மதில்களுக்குள்ளேயே வீதிகளும் வீடுகளும் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்காமற் போகாது.

கோட்டைக்குள் இருக்கும் தெருக்கூட்டங்களைப் ‘பாடா’ என்று அழைக்கிறார்கள். வியாச பாடா, குண்டு பாடா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பெரும்பாலும் பிராமணரும் ராஜபுத்திரரும் வாழும் பகுதி இது. பட்டுவாக்கள் முதலிய பெருவணிகரின் சிற்பவேலை மிக்க மாளிகைகள் கீழே ஊருக்குள் இருக்கின்றன. பாடாவின் சந்துகள் மிகக் குறுகலானவை. எதிரே ஒரு பசு வந்தால் நாம் ஏதேனும் ஒரு வாசற்படியில் ஏறி நின்றுதான் ஆகவேண்டும். வெயிலைத் தரையில் விழவிடாமல் காக்க அமைந்த குறுகல் அது. வாசலில் நம் ஊர்த் திண்ணை போன்ற கல் மேடை உண்டு. மாலையில் பெண்கள் அங்கே உட்கார்ந்து காய்ந்த சாங்கரிக் காயை ஆய்ந்துகொண்டே ஊர்க்கதை பேசுவார்கள். ஒரு வீட்டில் கலியாணம் என்றால் வெளிச்சுவரில் வெள்ளையடித்துப் பிள்ளையார் உருவத்தைத் தீட்டி, மணமக்கள் பெயரையும் நாளையும் எழுதிவிடுகிறார்கள். தெருவோடு போகிறவர் எல்லாரும் படித்துக்கொள்ளலாம். அழைப்பிதழ் வரவில்லை என்று எவரும் குறைப்பட முடியாது. மணம் முடிந்து ஆண்டுகள் சில ஆன பிறகும் அந்தச் சித்திரம் சுவரில் இருக்கும். தெருவில் நடந்தால் எந்த வீட்டில் எப்போது மருமகள் வந்தாள் என்பது தெரிந்துவிடும்.

இனி, தண்ணீருக்கு வருவோம். ஜெய்சல்மேரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. சென்னையில் ஐப்பசி மாதத்தின் இரண்டொரு நாள் அடைமழை அதைத் தந்துவிடும். கோட்டைக்குள் ஜைசலு என்ற பழைய கிணறு முதலாகச் சில கிணறுகள் இருந்தன. ஆனால் ஊருக்கே உயிராக இருந்தது குன்றுக்குக் கீழே, பதினான்காம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட கடீசர் ஏரிதான். பெண்கள் காலையும் மாலையும் தலையில் இரண்டு மூன்று குடங்களை அடுக்கிக்கொண்டு ஏற்றத்தில் ஏறி, நான்கு வாயில்களைக் கடந்து வீடு வந்து சேர்வார்கள். அவ்வாறு வந்த நீரை எப்படிச் செலவிடுவது என்பதில் ஓர் ஒழுங்கு இருந்தது. பாத்திரத்தை மணலால் துலக்கிவிட்டுத் துணியால் துடைப்பார்கள். கயிற்றுக் கட்டில்மேல் உட்கார்ந்து குளித்தால், அடியில் வைத்த தொட்டியில் விழும் நீர் வேறொரு வேலைக்கு ஆகும். இந்த வழக்கங்களையும் இராஜஸ்தானத்து மழைநீர்ச் சேமிப்பு முறைகளையும் அனுபம் மிஸ்ரா என்பவர் 1995இல் வெளியான தம் ஹிந்தி நூலில் அழகாக எழுதியிருக்கிறார். ஹிந்தி தெரிந்த நேயர்கள் தேடிப் படிக்கலாம்.

இப்படி வாழ்ந்தவர்கள் கட்டிய வீடுகளும் அதற்கு ஏற்றவையாகவே இருந்தன. பல இடங்களில் கல்லோடு கல் கொளுவி, சாந்து இன்றியே சுவர் எழுப்பினார்கள். மரக் கட்டைகள்மேல் நாணல் பரப்பி மண் கொட்டி இறுக்கியது கூரை. குளியலறை என்றோ கழிப்பறை என்றோ தனியாக எதுவும் இல்லை. என்றோ பெய்யும் மழை தேங்காமல் மதிலுக்கு வெளியே ஓடிவிடக் கல் ஓடைகள் அமைத்திருந்தார்கள். சுருங்கச் சொன்னால், நீர் தங்காது என்ற நம்பிக்கையின்மேல் கட்டப்பட்ட ஊர் அது.

பிறகு குழாய் வந்தது. மாவட்டத்தின் நிலை மாறியதற்கு முக்கியமான காரணம், 1958இல் இராஜஸ்தான் கால்வாய் என்ற பெயரில் தொடங்கிப் பின்னர் இந்திரா காந்தி கால்வாய் எனப் பெயர் மாறிய திட்டம். பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் கூடும் ஹரிகே அணையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தூரம் இமயத்து நீர் இந்த மணலுக்கு வந்து சேர்ந்தது. அதை நான் குறை சொல்லப் போவதில்லை. குடம் சுமந்த காலத்தின் அழகைப் பற்றிக் கவிதை எழுதுகிறவர்களில் குடம் சுமந்தவர் எவரும் இல்லை. தலைச்சுமையோடு மலை ஏறிய பெண்ணுக்குக் குழாய் என்பது விடுதலை. அவள் வீட்டுக்குள்ளேயே குளிக்க ஓர் அறை கட்டிக்கொண்டதும் நியாயமே.

ஆனால் அந்த நீர் வெளியேற வழி வகுக்கப்படவில்லை. பிற்பாடு கழிவுநீர்க் குழாய்கள் பதித்தார்கள். அவற்றின் இணைப்புகளிலும் நீர் கசிந்தது. திரிகூடக் குன்று ஒரே பாறை அன்று. மணற்கல்லுக்கு இடையிடையே களிமண் அடுக்குகள் உண்டு. உலர்ந்திருக்கும்வரை அவை கல்லைப்போல் இறுகி நிற்கும், ஈரம் பட்டால் இளகிவிடும். சுவர்களின் அடிப்பாகத்தில் உப்புப் பூக்கத் தொடங்கியது. கல் செதில் செதிலாக உதிர்ந்தது.

அரசாங்கக் காகிதங்களை மொழிபெயர்ப்பது என் தொழில். ஆங்கில அறிக்கைகளில் ‘ஸீபேஜ்’ என்று வரும் சொல்லுக்குத் தமிழில் கசிவு என்று எழுதுகிறோம், ஊறல் என்றும் எழுதலாம். ஊறுதல் நமக்கு மங்கலமான சொல். கிணறு ஊறுகிறது என்றால் முகம் மலர்கிறோம். அதே தமிழில் ‘ஊறு’ என்றால் கேடு என்றும் பொருள் உண்டு. இரண்டு பொருளும் ஒருங்கே பொருந்தும் இடம் இந்தக் கோட்டையைப்போல் வேறொன்று இருக்குமா என்று தெரியவில்லை.

1998இல் வெளிமதிலின் ஒரு பகுதி இடிந்து விழுந்து ஆறு பேர் இறந்தனர். 2000, 2001ஆம் ஆண்டுகளில் கொத்தளங்கள் சில சரிந்தன. 2024 ஆகஸ்டு மாதத்தில் கனமழைக்குப் பின் மதிலின் மற்றொரு பகுதி தெருவில் சரிந்தது. தண்ணீருக்கு ஏங்கி வாழ்ந்த ஊர், தண்ணீரால் சரிகிறது.

இதனோடு சுற்றுலாவும் சேர்ந்துகொண்டது. 1974இல் சத்யஜித் ராய் இங்கே ‘சோனார் கெல்லா’ என்னும் படத்தை எடுத்தார். அதுமுதல் வங்காளிகளுக்கு இது ஒரு க்ஷேத்திரம் போலவே ஆகிவிட்டது. அந்தப் படத்துச் சிறுவன் முகுலின் வீடு எங்கே என்று இன்றும் கேட்டு வருகிறார்கள். வெளிநாட்டாரும் வந்தார்கள். வணிகப் பாதைகள் பம்பாய்த் துறைமுகத்தால் முதலில் நலிந்து, 1947இன் பிரிவினையால் அடியோடு மூடப்பட்ட ஊருக்கு இது கிடைத்தற்கரிய பிழைப்பு. இருந்த வீட்டில் நான்கு அறை ஒதுக்கி விடுதி ஆக்கினார்கள். அறைக்கு ஒரு குளியலறை. தண்ணீர் பெருகிய நாடுகளிலிருந்து வருபவர் நாளைக்கு இரண்டு முறை நீராடுவார். 1996இல் உலக நினைவுச்சின்ன நிதியம் இக்கோட்டையை ஆபத்தில் உள்ள இடங்களின் பட்டியலில் சேர்த்தது. கோட்டைக்குள் இரவு தங்காதீர்கள் என்று சில பயண வழிகாட்டி நூல்களே எழுதின. 2013இல் இராஜஸ்தானத்தின் வேறு ஐந்து மலைக்கோட்டைகளுடன் இதையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்ததும், பெருமையோடு பொறுப்பும் கூடியது.

தில்லியிலும் மும்பையிலும் அடுக்குமாடி வீடுகளில் வாழும் நமக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. மேல்வீட்டுக் குளியலறை கசிந்தால் கீழ்வீட்டுக் கூரை நனைகிறது. மேல்வீட்டுக்காரருக்குத் தம் வீட்டில் ஒரு குறையும் தெரிவதில்லை. ஆகவே செலவு செய்ய மனம் வருவதில்லை. கீழ்வீட்டுக்காரர் சங்கக் கூட்டத்தில் சத்தம் போடுகிறார். பாடாவில் நடப்பதும் இதுவே. வேற்றுமை என்னவென்றால், அங்கே கீழ்வீடு என்பது ஒருவருடையதன்று; எல்லார் வீட்டையும் தாங்கும் குன்று. அது கூட்டத்துக்கு வந்து முறையிடுவதில்லை. ஒரு வீட்டின் குழாய் ஒழுகினால், பத்து வீடுகளுக்கு அப்பால், மதில் ஓரத்தில் இருப்பவரின் சுவரில் பிளவு தோன்றுகிறது. யாரைப் போய்க் கேட்பது?

பழுது பார்ப்பதும் எளிதன்று. கோட்டை தொல்பொருள் ஆய்வுத்துறையின் பாதுகாப்பில் இருப்பது. வீடுகள் தனியாருக்குச் சொந்தம். சந்தும் சாக்கடையும் உள்ளூர் நிர்வாகத்தைச் சேர்ந்தவை. 1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டத்தில் 2010இல் செய்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது. பழுது பார்க்கவும் அனுமதி பெறவேண்டும். சட்டத்தின் நோக்கம் நல்லதே. ஆனால் கூரைமண் ஈரமாகித் தொங்கும்போது, மனுப் போட்டு, வரைபடம் இணைத்து, பதிலுக்குக் காத்திருக்க ஒரு குடும்பத்தால் முடியுமா? சிலர் காத்திருக்காமல் இரவோடிரவாகச் சிமிட்டியைப் பூசிவிடுகிறார்கள். சிமிட்டிப் பூச்சு ஈரத்தை வெளியே விடாமல் மணற்கல்லுக்குள்ளேயே அடைத்துவைக்கும். நோயைவிட மருந்து கொடிது. அனுமதி தருகிற அலுவலகம் ஜெய்சல்மேரிலேயே அமர்ந்து, சிறு பழுதுகளுக்கு ஒரு வாரத்துக்குள் விடை சொல்லுமானால் இந்தத் திருட்டுப் பூச்சில் பாதியாவது நின்றுவிடும் என்பது என் கருத்து.

குடியிருப்போர் எல்லாரையும் வெளியேற்றிவிட்டால் கோட்டை பிழைக்கும் என்பாரும் உளர். எனக்கு அது உடன்பாடன்று. மக்கள் போய்விட்ட வீட்டின் கூரையில் எவரும் மண் மெழுகமாட்டார்கள். லட்சுமிநாதர் கோயில் மணி யாருக்காக ஒலிக்கும்? அதே சமயம், விடுதி நடத்துவோர் கோட்டைக்குள்ளே இருந்துகொண்டு அறைக்கொரு குளியலறை வைத்துக்கொள்வதும் இனி நடவாது. குடியிருக்கும் வீடு வேறு, வாடகைக்கு விடும் நீர்த்தொட்டி வேறு. விடுதிகள் குன்றுக்குக் கீழே இறங்கட்டும். அங்கு இடத்துக்குக் குறைவில்லை. கடையும் கலையும் மேலேயே இருக்கலாம். பகலில் வந்து பார்ப்பவர்களால் குன்றுக்கு ஈரம் ஏறாது.

முன்னோர் அமைத்த மழைநீர்க் கல் ஓடைகள் பல இடங்களில் புதுச் சுவர்களாலும் குப்பையாலும் அடைபட்டிருக்கின்றன. அங்கே பருவமழை ஆனிக் கடைசியில் எட்டிப் பார்க்கும். அதற்கு முன் பாடாவுக்குப் பத்துப் பேர் இறங்கி அந்த ஓடைகளைத் தூர் வாருவதற்கு வரைபடம் வேண்டாம், யுனெஸ்கோவும் வேண்டாம். மண்வெட்டியும் கூடையும் போதும்.