‘வீக்’ என்று சொல்லிவிட்டால் போதுமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் தமிழின் தொன்மையைப் போற்றுவது மரபு. அப்பணியை அறிஞர்களிடம் விட்டுவிட்டு, நம் இல்லங்களில் நாள்தோறும் புழங்கும் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிச் சிறிது பேச விழைகின்றோம். ‘வீக்’ என்பதே அச்சொல்.

மாட்டுங்காவில் காய்ச்சல் கண்டு எழுந்தவர் வீக். தாராவிப் பட்டறையில் பகலெல்லாம் நின்று உழைத்துத் திரும்பியவரும் வீக். செம்பூரில் எண்பது வயதைக் கடந்த பாட்டியாரும் வீக். தேநீர் வீக், கைபேசியில் சிக்னல் வீக், மழைக்காலம் வந்தால் மாடிச் சுவர் வீக். பையன் கணக்கில் வீக். தமிழிலோ மிகமிக வீக்! இத்தனை சுமையையும் ஒரே சொல் தாங்குகின்றதென்றால், அதனினும் வலிய சொல் உலகில் வேறு உண்டோ?

ஆங்கிலச் சொல் என்பதனால் நாம் அதனை வெறுக்கவில்லை. பல மொழியினர் கூடி வாழும் மும்பையில் சொற்களைக் கொண்டும் கொடுத்துமே வாழ்தல் இயலும். அண்டை வீட்டார் ‘கமஜோரி’ என்கின்றனர். அது பாரசீகத்திலிருந்து வந்த சொல். ‘கம்’ என்றால் குறைவு, ‘ஜோர்’ என்றால் வலிமை. நாம் வழங்கும் ‘பலவீனம்’ வடமொழிப் ‘பலஹீனம்’ என்பதன் திரிபு. இரண்டும் வலிமை குறைந்தது என்ற அளவில் நின்றுவிடுகின்றன. எவ்வாறு குறைந்தது, எதனால் குறைந்தது என்னும் வினாக்களுக்கு விடையைத் தம்முள்ளே வைத்திருப்பவை நம் வீட்டுப் பழஞ்சொற்கள்.

உழைப்பால் வருவது களைப்பு. மூச்சு வாங்க நிற்பது இளைப்பு. உறக்கம் கெட்டு உடல் கனப்பது அசதி. மனமும் ஊக்கம் இழப்பது சோர்வு. பசியால் முகம் சுருங்குவது வாட்டம். உடற்கட்டுக் குறைவது மெலிவு. நோய்க்குப் பின் கால் நிலைகொள்ளாதது தளர்ச்சி. முதுமையில் தன் காரியத்தைத் தானே செய்ய இயலாதது தள்ளாமை. நெடுநாள் துன்பத்தால் நைவது நலிவு. இச்சொற்கள் பேச்சில் ஒன்றுக்கொன்று இடம் கொடுப்பதுண்டு. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் தனி முகம் உண்டு.

பொருள்களுக்கும் அவ்வாறே. கயிறு தொய்யும், மரம் உளுக்கும், சுவர் இற்றுப்போகும், தேநீர் நீர்த்துப்போகும். தொய்ந்த கயிற்றை இறுக்கினால் போதும்; உளுத்த மரத்தையோ மாற்றியாக வேண்டும். சரியான சொல்லைச் சொன்ன அளவிலேயே செய்ய வேண்டிய வேலையும் பாதி விளங்கிவிடுகின்றது.

ஆங்கிலேயரும் ஒரே சொல்லைக் கொண்டு காலம் தள்ளவில்லை. முதியோரின் உடல் நொய்ம்மைக்கு ‘ஃபிரெயில்’ என்பர். மயக்கம் வருவது போன்ற நிலைக்கு ‘ஃபெயின்ட்’ என்பர். நலிந்து குன்றியதற்கு ‘ஃபீபிள்’ என்பர். ‘வீக்’ என்பதுங்கூட வளைந்துகொடுத்தல் என்னும் பொருளுடைய வேரில் பிறந்தது என்பர் சொல்லாராய்ச்சியாளர். நம் ‘ஒல்கு’ என்னும் சொல்லும் வளைதலையும் தளர்தலையும் ஒருங்கே குறிக்கும். திருவள்ளுவர் அதனை ஒழுக்கமுடைமை அதிகாரத்தில் ஆண்டிருக்கின்றார். அண்டை வீட்டிலிருந்து ஒரு பாத்திரத்தைக் கடன் வாங்கி வந்து, நம் அடுக்களைப் பாத்திரங்களை எல்லாம் பரணில் ஏற்றிவிட்ட கதையாயிற்று நம் கதை.

இதனால் என்ன கேடு என்று கேட்கலாம். சயான் மருத்துவமனையின் நீண்ட வரிசையில் காத்திருந்து, மருத்துவர் முன் அமர்ந்ததும் ‘வீக்னஸ்’ என்ற ஒரு சொல்லோடு நம்மவர் பேச்சை முடித்துவிடுகின்றனர். தலை சுற்றுகின்றதா, மூச்சு வாங்குகின்றதா, பசி இல்லையா, கை கால் ஓய்கின்றதா என்பதை மருத்துவர் ஒவ்வொன்றாகக் கேட்டறிய வேண்டியிருக்கின்றது. இன்னும் கொடியது ஒன்று உண்டு. வீட்டுப் பெரியவருக்குத் திடீரென ஒரு பக்கக் கை விளங்காமல் போகின்றது, வாய் கோணுகின்றது, பேச்சுக் குழறுகின்றது. ‘வீக்காக இருக்கிறார்’ என்று குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துப் படுக்க வைத்துவிடுகின்றோம். அது பக்கவாதமாக இருக்கலாம். மூளையின் குருதிக் குழாயில் ஏற்பட்ட அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பெரும்பாலும் முதல் 4½ மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். ‘கை விளங்கவில்லை’ என்று நம் பாட்டிமார் சொன்ன சொல்லை அன்று நாம் சொல்லியிருந்தால், வீடே எழுந்து ஓடியிருக்குமன்றோ?

இனிக் குழந்தைகளைப் பற்றி ஒரு சொல். ‘அவன் வீக்’ என்பது நெற்றியில் ஒட்டிய சீட்டு. அது எளிதில் உரிவதில்லை. ‘பின்னக் கணக்கில் தடுமாறுகின்றான்’, ‘ரகர றகரத்தில் தயங்குகின்றாள்’ என்று சொல்லிப் பாருங்கள். தடுமாறுபவனுக்குக் கை கொடுக்கலாம். தயங்குபவளுக்குத் துணை நிற்கலாம். நம் இலக்கணத்தார் ங, ஞ, ண, ந, ம, ன என்னும் ஆறு எழுத்துக்களை மெல்லினம் என்றனர். வலுவற்றவை என்று தள்ளவில்லை. ‘அம்மா’ என்னும் சொல்லிலிருந்து அந்த மெல்லினத்தை எடுத்துவிட்டால் எஞ்சுவது யாது?

வீட்டுக்கு வெளியேயும் இச்சொல்லுக்கு வேலை உண்டு. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, மக்களுள் ‘வீக்கர் செக்‌ஷன்ஸ்’ எனப்படுவோரின் கல்வி, பொருளாதார நலன்களை அரசு பேண வேண்டும் என்கின்றது. அதனைத் தமிழில் ‘நலிந்த பிரிவினர்’ என்று வழங்குகின்றோம். நலிதல் என்பதற்கு வருந்துதல் என்றும், வருத்துதல் என்றும் இரு பொருள் உண்டு. ஆகவே நலிந்தவரைக் காணும்போது, அவரை நலிவித்தது யாது என்று கேட்கும் கடமையையும் அச்சொல் நமக்கு நினைவூட்டுகின்றது. தோல் பதனிடும் தொழிலிலும் பட்டறைகளிலும் உழைத்துத் தாராவியை எழுப்பியவருள் நம் முன்னோரும் உண்டு. அவர்கள் வலிமை குறைந்தவர்கள் அல்லர், நலிவிக்கப்பட்டும் நிமிர்ந்தவர்கள்.

அன்பர்களே, ‘வீக்’ என்னும் சொல்லை நாடு கடத்துங்கள் என்று நாம் வேண்டவில்லை. அச்சொல் வாயில் வரும்போது, ‘எப்படி வீக்? எதனால் வீக்?’ என்று ஒருமுறை கேளுங்கள். விடை பெரும்பாலும் தமிழிலேயே வரும். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே அச்சொற்களைக் குழந்தைகள் காதில் விழச் செய்யுங்கள். பரணில் உள்ள பாத்திரங்கள் ஒவ்வொன்றாக இறங்கட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!