வர்த்தக மாணவியருக்கு ஒரு காப்பியம்



இப்பாடசாலையின் வர்த்தகப் பிரிவில் படித்த நம்மில் பலர் இன்று வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் பணியாற்றுகிறோம். கணக்கீடும் வணிகக் கல்வியும் பொருளியலும் நமக்குத் தொழிலைத் தந்தன. அத்தொழிலில் மனச்சாட்சி தடுமாறும் நேரத்துக்கு இலக்கியமும் துணை வேண்டும் என்பதே நாம் சொல்ல வந்தது.

இது புதுமையன்று. ஹாவார்ட் வணிகப் பள்ளியிலேயே நாவல்களையும் நாடகங்களையும் கொண்டு அறநெறித் தலைமைத்துவம் கற்பித்திருக்கிறார்கள். நமக்குச் சிலப்பதிகாரம் இருக்கிறது.

அதில் கொலைக்களக் காதையை எடுத்துக்கொள்வோம். அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனே கோவலனைக் கள்வன் என்கிறான். ஊடல் கொண்ட அரசியிடம் போகும் அவசரத்தில் பாண்டியன் விசாரியாமல் காவலரை அனுப்புகிறான். இது எல்லோரும் அறிந்த கதை. அடுத்து நடப்பதையே வர்த்தக மாணவியர் ஊன்றிப் படிக்க வேண்டும்.

கோவலனைக் கண்ட காவலர், இவன் கொல்லத்தக்கவன் அல்லன் என்று வாய்விட்டே சொல்கிறார்கள். பொற்கொல்லன் கள்வரின் தந்திரங்களை விரித்துப் பேசி அவர்களைக் குழப்புகிறான். விட்டுவிட்டால் அரசன் நம்மை வருத்துவானே என்ற அச்சமும் எழுகிறது. அவர்கள் தயங்கி நிற்கையில், குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். ஐயம் கொண்டவர்களில் ஒருவர்கூட அரசனிடம் திரும்பிப் போகவில்லை.

பின்பு கண்ணகி செய்தது ஒரு கணக்காய்வு. அரசியின் சிலம்பில் முத்து, அவளுடையதில் மாணிக்கம். உடைத்ததும் உண்மை தெரிந்தது. அந்தச் சோதனையை முன்னரே செய்திருந்தால் ஓர் உயிரும் ஒரு நகரும் தப்பியிருக்கும்.

வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடனால் பெண்கள் பட்ட துயரை நாம் அறிவோம். வாசலில் நின்று தவணையை அறவிட்டவர்களும் நம் ஊர்ப் பிள்ளைகளே. இது சரியா என்ற ஐயம் அவர்களுள் பலருக்கு எழுந்திருக்கும். இலக்கை எட்டாவிட்டால் வேலை போய்விடுமே என்ற அச்சமும் இருந்திருக்கும். கடன் வாங்கியவரும் அறவிடச் சென்றவரும் ஒரே வகுப்பில் இருந்து படித்தவர்களாகவும் இருக்கலாம்.

ஆகவே வகுப்பில், “யார் கெட்டவர்?” என்று கேட்பதோடு நிற்க வேண்டாம். “எந்த இடத்தில், யார், என்ன சொல்லியிருந்தால் இது நின்றிருக்கும்?” என்றும் கேட்போம். பதினேழு வயதில் அதற்கு விடை தேடிப் பழகியவள், நாளை மேலதிகாரியின் முன் வாய் திறப்பாள்.

உயர்தர வர்த்தக வகுப்புக்கு மாதம் ஒரு பாடவேளை தாருங்கள், அதிபர் அவர்களே. வந்து பேச நாம் இருக்கிறோம்.