விண்ணேறிய தாயும் விடுதலை பெற்ற மண்ணும்

(ஆகஸ்ட் 15, மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழா மற்றும் சுதந்திரத் திருநாள் வானொலி மறையுரை)



இன்று காலை நம் ஆலயங்களில் திருப்பலி முடிந்ததும் எல்லோரும் வெளியே வந்து கொடிக்கம்பத்தைச் சுற்றி நிற்போம். மூவர்ணக் கொடி ஏறும். நாட்டுப்பண் பாடுவோம். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்போம். உள்ளே தாயின் விழா, வெளியே நாட்டின் விழா. இரண்டும் ஒரே நாளில் வந்தது தற்செயலா என்று நாம் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஆகஸ்ட் 15 என்ற தேதியைத் தேர்ந்தவர் மவுண்ட்பேட்டன் பிரபு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் சரணடைந்த இரண்டாம் ஆண்டு நிறைவு என்பதுதான் அவர் மனத்தில் இருந்த காரணம். மரியன்னையை அவர் நினைத்ததாக எங்கும் குறிப்பில்லை. ஆனால் ஆண்டவரின் பிள்ளைகளாகிய நமக்கு இந்த நாளைப் பார்க்க வேறு கண்கள் தரப்பட்டிருக்கின்றன. கொரிய நாட்டு மக்களும் 1945-இல் இதே நாளில்தான் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டார்கள். அங்குள்ள கத்தோலிக்கரும் நம்மைப் போலவே இன்று இரண்டு விழாக்களைச் சேர்த்துக் கொண்டாடுகிறார்கள்.

அன்பார்ந்தவர்களே, விண்ணேற்பு என்றால் என்ன? 1950-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இதை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார். நம் நாடு குடியரசான அதே ஆண்டு அது. அன்னை மரியா தம் மண்ணுலக வாழ்வை முடித்தபின் ஆன்மாவோடும் உடலோடும் விண்ணக மகிமைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்பதே அந்தக் கோட்பாடு. இதில் 'உடலோடும்' என்ற ஒரு சொல்லை நாம் வேகமாகக் கடந்துபோய்விடுகிறோம். இன்று அந்தச் சொல்லின் அருகே சற்று நிற்போம்.

எந்த உடல் அது? நாசரேத்தில் தண்ணீர் சுமந்த உடல். கருவுற்ற செய்தி கேட்டதும் யூதேயாவின் மலைநாட்டுக்கு விரைந்து நடந்த உடல். எலிசபெத்தின் வீட்டில் மூன்று மாதம் தங்கிய உடல். பெத்லகேமில் இடம் கிடைக்காமல் அலைந்த உடல். எகிப்துக்கு அகதியாய் ஓடிய உடல். சிலுவையின் அடியில் நின்ற உடல். அந்த உழைத்த உடலைத்தான் இறைவன் தம்மிடம் எடுத்துக்கொண்டார். அப்படியானால் உழைக்கிறவர்களின் உடல் கடவுளுக்கு அவ்வளவு அருமையானது. மீட்பு என்பது ஆன்மாவுக்கு மட்டும் உரியது, உடல் எப்படிப் போனால் என்ன என்று சொல்ல இனி நமக்கு உரிமை இல்லை.

புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, இறந்தோரிலிருந்து எழுந்த கிறிஸ்துவை முதற்கனி என்கிறார். மானாவாரி விவசாயம் செய்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வானம் பார்த்த பூமியில் முதல் கதிர் முற்றி நிற்பதைக் கண்டால் மீதி வெள்ளாமையும் வீடு வந்து சேரும் என்ற நம்பிக்கை பிறக்கிறது. கிறிஸ்து முதற்கனி. அவருக்குப்பின் அந்த வெற்றியில் முழுமையாய்ப் பங்குபெற்றவர் அவருடைய தாய். அடுத்து நாம். சாவு கடைசிப் பகைவன், அவனும் தோற்பான் என்பது நம் விசுவாசம்.

இந்த விசுவாசத்தோடு நம் மண்ணைப் பார்ப்போம். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் காரியாபட்டியும் கமுதியும் சேர்ந்த இந்தக் கரிசல் சீமை மழை குறைந்த சீமை. குண்டாற்றில் தண்ணீர் ஓடுவதைவிட மணல் கிடக்கும் நாள்களே அதிகம். இன்றைய முதல் வாசகத்தில், அரக்கப்பாம்பிடமிருந்து தப்பிய பெண் பாலைநிலத்துக்கு ஓடுகிறார். அங்கே கடவுள் அவருக்கென்று ஓர் இடம் ஏற்பாடு செய்திருக்கிறார். வறண்ட நிலத்தில்தான் கடவுள் இடம் ஒதுக்கினார் என்பது நமக்கு ஆறுதலான செய்தி.

இந்தச் சீமைக்கு 1947-இல் விடுதலை எப்படி வந்தது? டெல்லியில் கொடி ஏறியது மட்டுமா? குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று இருந்தது. நம் பெரியவர்கள் ரேகைச் சட்டம் என்பார்கள். 1871-இல் வெள்ளையர் அரசு கொண்டுவந்து, 1911-க்குப் பின் சென்னை மாகாணத்திலும் நடைமுறைப்படுத்தியது. குறிப்பிட்ட சாதியில் பிறந்துவிட்டால் போதும், பிறக்கும்போதே குற்றவாளி. கைரேகை பதிக்க வேண்டும். இரவானால் பெண்டு பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுக் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆப்பநாட்டு ஊர்களையும் அந்தச் சட்டம் விட்டுவைக்கவில்லை. நீண்ட போராட்டத்துக்குப்பின் 1947-இல் சென்னை மாகாணத்தில் அது நீக்கப்பட்டது. தன் வீட்டில், தன் பாயில், தன் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு மனிதன் படுத்து உறங்கலாம் என்பதுதான் அந்த வீடுகளில் சுதந்திரம் என்ற சொல்லுக்குப் பொருள். உடலுக்கு வந்த விடுதலை அது.

பக்கத்து விருதுநகரில் பிறந்த காமராசர், சுதந்திரத்துக்காகப் பல ஆண்டுகளைச் சிறையில் கழித்தார். முதலமைச்சர் ஆனதும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுத்தார். பசித்தோர் நலன்களால் நிரப்பப்படுவதாக அன்னை மரியா எலிசபெத்தின் வீட்டு வாசலில் பாடினார். அவரது பாடலை நாம் மாலைச் செபத்தில் நாள்தோறும் சொல்கிறோம். இந்த வறண்ட சீமையில் பிறந்த ஒருவர் அதில் ஒரு பகுதியைத் தட்டில் சோறாகப் பரிமாறிவிட்டுப் போனார்.

சகோதர சகோதரிகளே, 1947-க்கு இன்னொரு சிறப்பும் உண்டு. நாடு விடுதலை பெறுவதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன், அந்த ஆண்டு ஜூன் 22 அன்று, நம் அருளானந்தருக்குத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் புனிதர் பட்டம் அளித்தார். போர்த்துக்கல் நாட்டு லிஸ்பனில் 1647-இல் பிறந்தவர், காவியுடுத்து, மரக்கறி உணவு உண்டு, பண்டாரசாமியாக நம் மறவர் சீமையெங்கும் நடந்தவர். 1686-இல் சிறைப்பட்டு வதைக்கப்பட்டார். விடுவிக்கப்பட்டு ஐரோப்பா சென்றவரை அங்கேயே தங்கச் சொன்னார்கள். அவர் தங்கவில்லை. தம்மைக் கொல்லக்கூடிய மண்ணுக்கே திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. அதற்கு முந்தைய நாள் காவலில் இருந்தபடி, மையும் எழுதுகோலும் இல்லாமல், கரியைக் கொண்டு தம் உடன் குருக்களுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தில் புலம்பல் இல்லை. மணமகன் வீட்டுக்குப் புறப்படுகிறவரின் மகிழ்ச்சிதான் இருக்கிறது.

கரி நமக்குப் புதிதல்ல. சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பது நம் ஊர்களில் எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பு. கையிலும் முகத்திலும் கரி படிய நிற்கிறவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். ஒரு புனிதரின் கடைசி வார்த்தைகளைத் தாங்கியதும் அதே கரிதான் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

கை கட்டப்பட்டிருந்தும் அருளானந்தர் அடிமையாக இல்லை. பயம் அவரை ஆளவில்லை. பகை அவரை ஆளவில்லை. இதைத்தான் ஆன்மிக வெற்றி என்கிறோம். அரசாங்கம் கொடுக்க முடியாத, பறிக்கவும் முடியாத விடுதலை இது. அதனால்தான் இன்று ஓரியூரின் செம்மண்ணைத் தொட்டு வணங்க, எல்லாச் சாதியாரும் பிற சமயச் சகோதரர்களும் வருகிறார்கள். வெட்டிய மண்ணே அவரைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டது.

இப்போது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விக்கு வருவோம். இந்த இரண்டு விடுதலைகளும் நம் வீட்டு வாசலுக்குள் வந்துவிட்டனவா?

கொத்தடிமை முறை 1976-இல் சட்டப்படி ஒழிந்தது. கந்து வட்டியைத் தடுக்க 2003-இல் தமிழகத்தில் சட்டம் வந்தது. ஆனாலும் முன்பணம் வாங்கிய கடனுக்காகக் குடும்பத்தோடு வேலைத்தளத்தில் முடங்கிக் கிடப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பூ விலை சரிந்த மாதத்தில் வாங்கிய கடனுக்கு, பூ விலை ஏறிய மாதத்திலும் வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருக்கிற வீடுகள் உண்டு. தறியில் குனிந்து குனிந்தே முதுகு வளைந்த நெசவாளர் உண்டு. ஒப்பந்தம் முடிந்தால் திருமணத்துக்கு மொத்தமாகப் பணம் வரும் என்று நூற்பாலைக்கு அனுப்பப்பட்ட பெண் பிள்ளைகள் உண்டு. இந்த உடல்கள் எல்லாம் கடவுளுக்கு அருமையானவை என்றுதான் இன்றைய பெருவிழா சொல்கிறது. வட்டிக்குக் கொடுக்கிறவர் நம் பங்கிலேயே இருக்கலாம். திருப்பலியில் நம் பக்கத்திலேயே நின்று சமாதானம் சொல்லலாம். யூபிலி ஆண்டில் கடனாளியை விடுவியுங்கள், நாடெங்கும் விடுதலையை அறிவியுங்கள் என்று லேவியர் நூலில் ஆண்டவர் கட்டளையிட்டதை அவரும் நாமும் சேர்ந்தே கேட்க வேண்டும்.

இன்னொன்று சாதி. 2022-ஆம் ஆண்டு சுதந்திர நாளை ஒட்டி, பட்டியல் இன ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதை யாரும் தடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தமிழகத் தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. சுதந்திரம் பெற்று 75 ஆண்டுகளுக்குப் பிறகு! தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் தன் ஊர்க் கொடியின் கயிற்றைத் தொட அரசாணை தேவைப்படுகிறது என்றால் அந்தக் கயிறு யாரைக் கட்டிப் போட்டிருக்கிறது? பிறரைக் குறை சொல்லி நாம் தப்பிவிடவும் முடியாது. தமிழகத் திருச்சபையில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிக்கொரு பகுதி பிரித்த ஊர்கள் இருந்தன, சுவர் எழுப்பிய இடமும் உண்டு. கடைசி நாளில் எல்லா உடல்களும் உயிர்த்தெழும் என்று ஞாயிறுதோறும் விசுவாச அறிக்கையில் சொல்கிறோம். எழும்போது எந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் எழுவோம்? உடலோடு விண்ணேறிய தாயை வணங்குகிறவர், இன்னொருவரின் உடலைத் தீட்டு என்று ஒதுக்கும்போது இன்றைய விழாவையே மறுதலிக்கிறார்.

வலியோரை அரியணையிலிருந்து இறக்கி, தாழ்நிலையில் இருப்போரைக் கடவுள் உயர்த்துகிறார் என்று பாடியவர் ஒரு கிராமத்து இளம்பெண். அந்தப் பாடல் நம் உதட்டோடு நின்றுவிடக் கூடாது. எனவே இன்று மூன்று காரியங்களைச் செய்வோம்.

முதலாவது, இன்று ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. கொடியேற்றம் முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பாமல் அங்கே போவோம். பெண்கள் போகட்டும், விதவைத் தாய்மார் போகட்டும். கண்மாய் தூர்வாருவது, குடிநீர், நூறுநாள் வேலை, எல்லாவற்றையும் எழுந்து நின்று கேட்போம். ஊர்த் தலைவர் எந்தச் சாதியாராயினும் அவர் கொடியேற்றும்போது நாம் அவர் பக்கத்தில் நிற்போம்.

இரண்டாவது, நமக்குக் கடன்பட்ட ஏழை ஒருவர் இருந்தால், இந்தப் பெருவிழாவின் பெயரால் அவருடைய வட்டியைத் தள்ளிவிடுவோம். எங்கள் குற்றங்களைப் பொறுத்தருளும் என்று கேட்கிற நமக்கு இது பெரிய காரியமல்ல.

மூன்றாவது, நம்மை உள்ளே கட்டி வைத்திருப்பதை நாமே அவிழ்ப்போம். அது குடியாக இருக்கலாம். அண்ணன் தம்பி பேசாத ஆண்டுகளாக இருக்கலாம். எதையோ நினைத்து எப்போதும் நடுங்கும் பயமாக இருக்கலாம். நல்ல பாவசங்கீர்த்தனம் செய்து, அந்தக் கட்டை ஆண்டவர் கையில் ஒப்படைப்போம். உரிமை வாழ்வுக்கு அழைக்கப்பட்ட நாம் அந்த உரிமையை ஊனியல்புக்குச் செலவழிக்காமல் அன்பினால் ஒருவருக்கொருவர் பணி செய்யப் பயன்படுத்த வேண்டும் என்று கலாத்தியருக்குப் பவுல் சொன்னது நமக்கும்தான்.

செபிப்போம்.

விண்ணேற்படைந்த அன்னையே, நீர் நடந்த மலைநாட்டைப் போலவே எங்கள் சீமையும் கல்லும் முள்ளும் நிறைந்தது. எங்கள் வயல்களுக்கு மழையையும், எங்கள் உழைப்புக்கு நியாயமான கூலியையும், எங்கள் பிள்ளைகளுக்கு அச்சமில்லாத நாள்களையும் உம் மகனிடம் கேட்டுப் பெற்றுத் தாரும். எங்கள் நாட்டைக் காத்தருளும். அருளானந்தரின் இரத்தம் சிந்திய இந்த மண்ணில், ஒருவரும் ஒருவருக்கும் அடிமையாகாமல், எல்லோரும் ஒரே தந்தையின் பிள்ளைகளாய் வாழ எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

ஆமென்.